எட்டு லீட்டர் டீசலின் அமையச் செலவு

1. அளவுக்கம்பி

டாங்கிக்குள் விட்டு எடுத்த அளவுக்கம்பியில் ஈரம் மூன்று விரல் உயரத்துக்குத்தான் இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தேன். அதே மூன்று விரல். ஐம்பது லீட்டருக்கும் குறைவு.

காலை ஏழு மணி. பகல் ஒரு மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மாலை ஆறுக்குத்தான் தருவார்கள். முதல் நாள் பறித்த கொழுந்து மாடியில் வாடிக் கிடந்தது. அதை இன்னொரு நாள் வைக்க முடியாது. காலையிலேயே ரோலரில் போட்டு அரைத்தாக வேண்டும். அரைத்த பச்சைத் தூளைக் காலத்தோடு ட்ரையருக்குள் விட்டுக் காய வைக்காவிட்டால் புளித்துவிடும். ட்ரையருக்குச் சூடு விறகில் வந்தாலும், காற்றாடியும் தட்டுகளும் ஓடக் கரண்ட் வேண்டும். அதற்கு ஜெனரேட்டர். மணிக்கு இருபது லீட்டர் குடிக்கும். மூன்று மணித்தியாலம் ஓட்ட அறுபது லீட்டர் வேண்டும்.

நான் அப்போது திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் டீமேக்கர். ஃபெக்டரிக்குள் கொழுந்து வந்ததிலிருந்து தேயிலையாகி மூட்டை கட்டும்வரை என் பொறுப்பு. நாடு முழுக்க எண்ணெய் இல்லாமல் போன வருடம் அது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஹட்டனில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், "பொருள் பத்தாம இருக்கிற அருமை, எதை எடுக்கிறதுங்கிற தெரிவு, எடுத்ததுக்காக விட்டுக்கொடுக்கிற அமையச் செலவுன்னு நான் பாடத்துல சொல்றதை நீங்க ஃபெக்டரியில பாத்திருப்பீங்க, எழுதித் தாங்க" என்றார். பார்த்தேன், உண்மைதான். பார்த்தபோது அதற்குப் பெயர் தெரியாது. பயம் மட்டும் தெரிந்தது.

2. லொறி

டீசல் விற்கும் எண்ணெய் செட்டில் விலைப்பலகை இருந்தது. அரசாங்கம் சொன்ன விலை அதில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே சோக்கட்டியால் "டீசல் இல்லை" என்றும் எழுதியிருந்தது. அந்த விலைக்கு வாங்க ஆள் ஆயிரம், விற்க எண்ணெய் இல்லை. வாங்க வருகிறவர்களின் கேள்வி கூடி, விற்க வருகிற நிரம்பல் குறைந்து, விலையும் அசையாமல் நின்றால் என்ன நடக்கும் என்று உங்கள் புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். எங்களுக்கு அந்தக் கோடு வேறு மாதிரித் தெரிந்தது. எங்கள் லொறி ட்ரைவர் செபஸ்தியான் மூன்று நாள் கியூவில் கிடந்து, லொறிக்குள்ளேயே தூங்கி, பதினெட்டு லீட்டரோடு திரும்பி வந்தார். அந்த மூன்று நாளும் உரம் ஏற்றவில்லை, விறகு ஏற்றவில்லை. டீசல் மலிவுதான். ஆனால் அதை மூன்று நாள் கொடுத்து வாங்கினோம்.

அந்தக் காலையில் பெரிய தொரை, அதாவது தோட்டத்து மெனேஜர், ஃபெக்டரிக்கு வந்தார். சிங்களவர். எங்களோடு எங்கள் தமிழிலேயே பேசுவார். அவருக்கும் தூக்கம் இல்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"டீமேக்கர், லொறியில எவ்வளவு இருக்கு?"

"பதினைஞ்சு இருக்கும் சேர்."

"அதையும் எடுத்து ஜெனரேட்டருக்கு ஊத்துங்க. இந்த மாசம் ரெண்டு தடவ கொழுந்து கெட்டுப் போச்சு. மூணாவது தடவையும் போனா நான் மேல என்ன சொல்றது? ஃபெக்டரிய மூடச் சொல்லுவாங்க."

ஃபெக்டரியை மூடுவது என்றால் கொழுந்தை வேறு தோட்டத்துக்கு விற்பது. பிறகு எங்களுக்கு இங்கே வேலை இல்லை. என் கீழே இருபத்தாறு பேர்.

செபஸ்தியான் லொறிக்கு அடியில் படுத்து டீசலைக் கேனில் இறக்கினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் பக்கம் பார்த்து, என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, ஒரு பத்தாவது விடுங்க. லயத்துல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா வேற வண்டி இல்லீங்க. த்ரீவீல் ஒண்ணும் ஓடலை."

"இன்னைக்கு ஒரு நாள்தானே. ஒண்ணும் நடக்காது செபஸ்தி."

அதைச் சொன்னது நான். தொரை இல்லை.

3. இரண்டே முக்கால் மணி

ஒரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. ட்ரையரின் மறுமுனையில் கறுப்பாக, காய்ந்து, நல்ல வாசத்தோடு தேயிலை விழத் தொடங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. வெளியே மூடுபனி இறங்கி ஃபெக்டரி முற்றத்தை மறைத்திருந்தது.

இரண்டே முக்கால் இருக்கும். செபஸ்தியான் ஓடி வந்தார். பின்னால் பிரசவம் பார்க்கும் தோட்டத்து மருத்துவமாது திலகா மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தோட்டத்துக்கு வந்து நாலு வருடம். அவருடைய வெள்ளை உடுப்பின் முன்பக்கம் இரத்தமாக இருந்தது.

"மேட்டு லயத்து ராணிக்கு நேரத்துக்கு முன்னமே வலி வந்திட்டுது ஐயா. இரத்தம் போகுது. நிக்குதில்லை. அம்புலன்சுக்கு அடிச்சிட்டன். அது வேற ஆளை ஏத்திக்கொண்டு கண்டிக்குப் போய்க்கொண்டிருக்காம், திரும்பி வர ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல செல்லும். அவ்வளவு நேரம் அவா தாங்கமாட்டா. லொறியைத் தாங்கோ."

ராணியை எனக்குத் தெரியும். இரண்டாம் மலையில் கொழுந்து பறிப்பவள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை. அப்போது ட்ரையருக்குள் காய்ந்துகொண்டிருந்த கொழுந்தில் அவளுடைய கூட்டாளிகள் பறித்ததும் இருந்தது.

லொறியில் ஒரு சொட்டு டீசல் இல்லை என்று செபஸ்தியான் சொன்னார்.

திலகா மிஸ் ஜெனரேட்டரைப் பார்த்தார். "அதுக்குள்ள இருக்குதானே?"

இருந்தது. இருபத்தைந்து லீட்டராவது இருக்கும். ஆனால் எடுக்கும் குழாய் ஜெனரேட்டர் டாங்கியின் அடியில் இருந்தது. எஞ்சினை நிறுத்தாமல் திறக்க முடியாது. நிறுத்தித் திறந்தால் குழாயில் காற்று ஏறிவிடும். பழைய எஞ்சின். காற்று ஏறினால் மறுபடி கிளம்புமா என்று சொல்ல முடியாது. ட்ரையர் நின்றால் தட்டுகளில் இருப்பது வெந்து போகும், தரையில் பரப்பி வைத்திருக்கும் பச்சைத் தூள் புளித்துப் போகும்.

நான் தொரைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவருடைய உதவியாளருக்கு அடித்தேன். "தொரை டவுனுக்குப் போயிட்டாருங்க" என்றார். மூன்றாவது முறை தொரைக்கு அடித்தேன். தலைக்குள் ஒரே பேச்சுத்தான். நேற்று முழுக்கக் குளிரில் நின்று பறித்த கொழுந்து. இரவு முழுக்க வாட்டியது. காலையிலிருந்து அரைத்தது. விறகு, லொறி டீசல், இத்தனை பேர் உழைப்பு. இவ்வளவும் போட்டபிறகு எப்படி நிறுத்துவது?

திலகா மிஸ் என் கையிலிருந்த போனைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஐயா, முழு டீசலையும் ஆர் கேட்டது? ஆஸ்பத்திரிக்கு எத்தனை லீட்டர் வேணும்?"

செபஸ்தியான் சொன்னார்: "போக எட்டு போதுங்க. வர்றதுக்கு அப்புறம் பாத்துக்குவோம்."

"எட்டு லீட்டர். எட்டே எட்டு. அது இங்க நிண்டா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

இருபத்தைந்து நிமிட ட்ரையர் ஓட்டம். அவ்வளவுதான் கிடைக்கும். அதுவரை நான் அப்படிக் கணக்குப் பார்க்கவே இல்லை. ஒரு பக்கம் ஃபெக்டரி முழுவதையும், மறுபக்கம் ஒரு பெண்ணையும் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையில் என் முன்னால் இருந்தது எட்டு லீட்டர் மட்டும்.

சுவரில் மணியைப் பார்த்தேன். அவர்கள் வந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

எஞ்சினை நிறுத்தினேன்.

4. சத்தம் நின்றபிறகு

எஞ்சின் நின்றதும் ஃபெக்டரிக்குள் அப்படி ஒரு அமைதி. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் விளக்கவில்லை. "தட்டுல இருக்கிறதைக் கையால வாரி வெளியே போடுங்க, சீக்கிரம்!" என்று மட்டும் கத்தினேன். குழாயைத் திறந்து கேனை வைத்தேன். டீசல் நூல்போலத்தான் வடிந்தது.

ராணியைப் போர்வையில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். முகம் மெழுகு மாதிரி இருந்தது. அவள் என்னைப் பார்த்து, "ஐயா, நான் செத்துருவேனாங்க?" என்று கேட்டாள். "ஏறும்மா, ஏறு" என்றேன். அவளால் ஏற முடியாது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. தேயிலைச் சாக்குகளை விரித்து அவர்களே ஏற்றினார்கள். திலகா மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, ராணியின் காலைத் தன் மடியில் உயர்த்தி வைத்துக்கொண்டார். லொறி விளக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள் போனது. முதல் வளைவிலேயே மறைந்துவிட்டது.

ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பயந்ததுதான் நடந்தது. காற்றை வெளியேற்றி எஞ்சினை எழுப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தரையில் கிடந்த தூளை அள்ளி மூக்கருகில் வைத்தேன். புளித்த வாசம். மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போனது.

நாலரை மணிக்குச் செபஸ்தியானின் போன் வந்தது. எடுக்கப் பயந்து மூன்று முறை மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உள்ள கொண்டு போயிட்டாங்கய்யா. ஒப்பரேஷனாம். இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தா நல்லதுன்னு டொக்டர் சொன்னாரு."

"உயிரு இருக்குல்ல?"

"இருக்குங்க. ஆனா எதையும் இப்ப சொல்லமுடியாதாம்."

ஏழு மணிக்குத்தான் அடுத்த போன். பெண் பிள்ளை, சின்னதாக இருக்கிறது, அழுதது என்றார். ராணிக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள் என்றார். அவள் கண் திறந்தது மறுநாள். பதினொரு நாள் கழித்துத்தான் தோட்டத்துக்குத் திரும்பி வந்தாள். இனிப் பிள்ளை இல்லை என்று சொல்லி அனுப்பினார்களாம்.

என் பன்னிரண்டு நிமிடம் அதில் எவ்வளவு பங்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

5. ஆபீஸில்

மறுநாள் காலை தொரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். என் சட்டைப்பையில் வேலையை விடுகிற கடிதம் இருந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சேர். நானாத்தான் நிறுத்தினேன். நிறுத்தினதுக்காக மன்னிப்புக் கேக்க வரலை. லொறி டீசலை எடுத்தது நம்ம தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எடுக்கச் சொன்னது நான்" என்றார் அவர். "ராத்திரி முழுக்க அதைத்தான் நெனச்சேன். இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க."

பன்னிரண்டு லீட்டர் தனிக் கேனில் வைக்க வேண்டும், அது ஃபெக்டரிக்குள் இருக்கக் கூடாது, டிஸ்பென்சரியில் பூட்டி வைத்துச் சாவி திலகா மிஸ் கையில் இருக்க வேண்டும், தொரை கேட்டாலும் நான் கேட்டாலும் தரக் கூடாது என்று சொன்னேன். அவர் அதையே கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் சட்டைப்பையில் இருந்ததை நான் எடுக்கவில்லை.

அந்தக் கேன் ஐந்து மாதம் சும்மா இருந்தது. எண்ணெய்த் தட்டுப்பாடு முடியும்வரை அதைத் தொடுகிற தேவை வரவில்லை. ஜெனரேட்டர் பாதியில் நிற்கிற ஒவ்வொரு நாளும் என் ஆட்களில் யாராவது வந்து, "அங்க பன்னெண்டு லீட்டர் சும்மாதானேங்க இருக்கு?" என்று கேட்பார்கள். எனக்கும் கை அரிக்கும். இரண்டு முறை திலகா மிஸ்ஸிடம் கேட்கவே போனேன். "ஏலாது ஐயா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

பிள்ளைகளே, அந்தப் பன்னிரண்டு லீட்டரை ஒதுக்கி வைத்ததால் நாங்கள் இழந்த தேயிலைதான் அதன் அமையச் செலவு. எங்கள் கேன் சும்மா இருந்ததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்கு ஒவ்வொரு நாளும் விலை கொடுத்தோம், தெரிந்தே கொடுத்தோம். ஏற்கெனவே பறித்ததும் வாட்டியதும் அரைத்ததும் அமிழ்ந்த செலவு என்று ஆசிரியை சொன்னார். நிறுத்தினாலும் ஓட்டினாலும் அது திரும்பி வராது. என்னைப் பன்னிரண்டு நிமிடம் பிடித்து வைத்திருந்தது அதுதான்.

பரீட்சைக்கு இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. வேலைக்குப் போனபிறகு உங்கள் கையிலும் ஒரு நாள் கொஞ்சம்தான் இருக்கும், கேட்பவர்கள் அதிகமாக இருப்பார்கள். எதை விட்டுக்கொடுப்பது என்பதைப் பயம் வருவதற்கு முன்பே முடிவு செய்து வையுங்கள். பயம் வந்தபிறகு யாருக்கும் கணக்கு வராது. எனக்கு வரவில்லை.