விளக்கீட்டன்று எங்கள் வீடு மட்டும் இருட்டு

கார்த்திகை விளக்கீடு வருடத்தில் ஒரு நாள்தான் வருகிறது. மற்ற எந்த நாளிலாவது மாமா அந்தக் காரைக் கழற்றியிருக்கலாம். அவர் விளக்கீட்டு நாளைத்தான் தேடி எடுத்தார். எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. எங்கள் பழைய மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் விடவேண்டும். அப்பா கொழும்பில் வேலையாக இருந்தார்; சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் வரமுடியவில்லை. அம்மாவுக்கு நிறைமாதம். வலி கண்டால் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் காரைத்தான் நம்பியிருந்தோம். காரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்மாவின் தம்பியான மாமாவுடையது.

நானோ ஒரு கிழமையாகப் பந்தம் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தடிகளில் சுற்றி, கிணற்றடிக்கு, மாட்டுக்கொட்டிலுக்கு, எருக்கும்பிக்கு, வளவின் மூலைகளுக்கு என்று பிரித்து வைத்திருந்தேன். இந்த முறை எல்லாவற்றையும் நானே கொளுத்தலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பின்னேரம் காரைத் திறந்து பார்த்த மாமா, தாங்கியிலிருந்து பம்புக்கு எண்ணெய் வரும் றப்பர்க் குழாய் வெடித்துக் கசிவதைக் கண்டுவிட்டார். "உந்தக் குழாயை இப்பவே மாத்தவேணும்" என்றார். நாளைக்கு மாற்றினால் என்ன குடி முழுகிப்போகும் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா எந்த வேலையையும் ஒரு சடங்காகத்தான் செய்வார். முதலில் பற்றரி வயரைக் கழற்றினார். தாங்கியின் மூடியைத் திறந்து, உள்ளே அடைபட்டிருந்த காற்றை வெளியே விட்டார். கீழே தாச்சிச் சட்டி வைத்தார், சுற்றிவர மணல் கொட்டினார், ஈரச் சாக்கொன்றைப் பக்கத்தில் போட்டார். குழாயின் தாங்கிப் பக்கத்து முனை கழன்றதும் எண்ணெய் சொட்டாமல் அடைக்க ஒன்றும் அகப்படவில்லை. என் புத்தகப் பையிலிருந்து, இன்னும் சீவாத புதுப் பென்சிலை எடுத்து, என்னை ஒரு சொல் கேட்காமல், தாங்கியின் வாயில் செருகினார். பென்சிலுக்கே பஞ்சமான காலம்! அதைக்கூட மன்னித்திருப்பேன். பிறகு சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"எண்ணெய் மணம் போகுமட்டும் இந்த வளவுக்கை ஒருத்தரும் நெருப்புக் கொளுத்தக்கூடாது. சொல்லிப்போட்டன்."

அடுப்பையும் தண்ணீர் ஊற்றி அணைத்தார். பம்புப் பக்கத்து நட்டோ துருவேறி அசைய மறுத்தது. பொழுது பட்டது. ஒழுங்கை முழுவதும் வாழைக்குற்றிகளில் விளக்குகள் எரிந்தன. எங்கள் வாசல் படலையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மாமா சைக்கிளை வேலிக்கரையில் தலைகீழாக நிறுத்தி, டைனமோ விளக்கைக் கார்ப்பக்கம் திருப்பி, பெடலைக் கையால் சுற்றச் சொன்னார். ஊர்ப் பிள்ளைகள் பந்தத்தோடு ஓடித் திரிய, நான் பெடல் சுற்றினேன். ஆத்திரத்தில் கை தளர்ந்தால் வெளிச்சமும் மங்கும், உடனே மாமா கத்துவார்.

எதிர்வீட்டு அன்ரி எரியும் பந்தத்தோடு படலையடிக்கு வந்தார். செத்தவீட்டுத் துடக்கென்றால்தான் விளக்கீட்டன்று ஒரு வீடு இருட்டாக இருக்கும்.

"என்ன பிள்ளை, துடக்கே? ஆர் மோசம் போனது?"

"ஐயோ, அங்கையே நில்லுங்கோ! பந்தத்தோடை உள்ளுக்கை வராதேங்கோ!" என்று மாமா போட்ட சத்தத்தில் அன்ரி முகத்தை வெட்டிக்கொண்டு திரும்பிப் போனார். எனக்கு மானமே போய்விட்டது.

அம்மா விறாந்தை நுனியில் தூணைப் பிடித்தபடி இருந்தாள்.

"முடிஞ்சுதே தம்பி?"

"இன்னும் கொஞ்சம் அக்கா. அவசரப்பட்டால் முறிஞ்சுபோம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. பிறகு என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "கெதியாச் சுத்து பிள்ளை" என்றாள்.

நட்டு ஒருவழியாகக் கழன்றது. மாமா புதுக் குழாயைப் பூட்டினார், காய்ந்த துணியால் ஒற்றிக் கசிவு பார்த்தார், காற்றில் மணம் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியாகத்தான் பற்றரி வயரைக் கொழுவினார். கார் கிளம்பியது. நான் பந்தத்தையும் நெருப்புப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், மாமா அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். கோபித்துப் போன அன்ரியும் ஓடிவந்து, என்னைத் தன் மகளிடம் விட்டுவிட்டு ஏறிக்கொண்டார். "இப்ப கொளுத்தலாமோ?" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விடியுமுன் தம்பி பிறந்தான். மாமாவின் கெட்டித்தனத்தைச் சொல்லிச் சொல்லி ஊரே மெச்சியது. என் விளக்கீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு உலகத்தில் எல்லோர் மேலும் எனக்குக் கோபம், அம்மாவைத் தவிர. முடிந்ததா முடிந்ததா என்று அவள்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்! விளக்குக் கொளுத்த என்னைப் போலவே அவளுக்கும் அந்தரமும் அவசரமும், அந்த வீட்டில் நியாயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்தேன். அவளுக்காகத்தான் கை நோக நோகச் சுற்றினேன்.