கழனியில் இறங்கிய விமானமும் என் காலும்

காலை பத்து இருபது. கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, "பன்னெண்டுக்குள்ள வந்துடுவேம்மா" என்று சொல்லிவிட்டு அந்த விமானி திருத்தணி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். அந்த நிமிஷத்திலிருந்துதான் எல்லாம் கோணலாகிப் போனது.

யுத்த காலம். மாசிக் கிருத்திகை. சனிக்கிழமை என்பதால் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு கனகம்மாசத்திரத்திலிருந்த என் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டிருந்தேன். சாலையோரம், அறுவடை முடிந்த கழனியில் பயிற்சி விமானம் ஒன்று இறங்கி நின்றது. இரண்டு பேர் உட்காரும், மேலும் கீழுமாக ஈரடுக்கு இறக்கை கொண்ட சின்ன விமானம். இன்ஜின் திணறியதாம். யாருக்கும் அடியில்லை. மலைக்குப் போகிற கூட்டம் முழுக்க அங்கே திரும்பிவிட்டது. குடையும் கண்ணாடியுமாக நின்றவள் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூட டீச்சர் என்று யாரோ சொல்லிவைக்க, காவல் என் தலையில் விழுந்தது.

போகுமுன் விமானி அவசர அவசரமாகச் சொன்னார். இறக்கை வெறும் மரச்சட்டம். மேலே இழுத்துக் கட்டியது துணி. அதில் வார்னிஷ் பூசிப் பூசி மேளத்தோல் போல விறைக்க வைத்திருக்கிறார்கள். பறக்கும்போது காற்று இறக்கை முழுவதையும் பரவலாகத் தாங்குகிறது, அதனால் விமானமே மேலே நிற்கிறது. ஒரு குதிகாலின் பாரம் ஒரே இடத்தில் விழுந்தாலோ கிழிந்துவிடும். கீழ் இறக்கையில், விமானத்தின் உடம்பை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை. அதன் அடியில் பலகை உண்டு, அங்கே மட்டும் கால் வைக்கலாம். மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்று தளர்ந்தாலும் இறக்கை கோணிக்கொள்ளும். நெருப்பு கூடவே கூடாது. அந்த வார்னிஷ் பற்றினால் நிற்காது. பெட்ரோல் தொட்டியோ உட்காருபவர் தலைக்கு மேலேயே இருக்கிறது.

இதையெல்லாம் அந்தக் கூட்டத்துக்குச் சொல்லிப் பாருங்கள்!

"இன்னா டீச்சரம்மா, ரெண்டு ஆளைத் தூக்கிகினு ஆகாசத்துல போவுது. என் ஒத்தக் காலைத் தாங்காதா?"

"காத்து தாங்கறது வேற, கால் வெக்கறது வேறங்க."

"ஆங், காத்தைவிட நான் குண்டுன்றீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரை இறக்கி விட்டால் மறுபக்கம் இன்னொருவர் ஏறினார். ஒரு மனுஷர் இறக்கைக் கம்பியில் ஆட்டைக் கட்டினார். அவிழ்த்துவிட்டுத் திரும்பினால் அதே கம்பியில் ஈர வேட்டி காய்ந்தது. தொண்டை கட்டிவிட்டது. பன்னிரண்டும் தாண்டியது, விமானியைக் காணோம். கூட்டத்தில் மகள் எங்கேயாவது தொலைந்துவிடுவாளோ என்ற பயம் வேறு. கறுப்புப் பட்டையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறி, அவளை முன் இருக்கையில் உட்கார வைத்தேன். இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நினைத்தேன். என்னை என்ன சொல்ல!

அப்போதுதான் கழனிக்காரர் குளித்துவிட்டு, தோளில் ஈரத்துண்டோடு தேங்காய், கற்பூரத் தட்டுடன் வந்தார். கிருத்திகை நாளில் விமானம் இறங்கி, மேய்ந்துகொண்டிருந்த அவருடைய மாடுகள் தப்பித்திருக்கின்றன. பூஜை போடாமல் விடுவாரா?

"கற்பூரம் வேண்டாங்க, பத்திக்கும். உள்ள குழந்தை இருக்குது."

"நீங்க வேதக்காரங்க. உங்களுக்குக் கற்பூரம்னாலே ஆவாது. உங்க மேலயா ஏத்தறேன்?"

"நீ ஏத்து நைனா" என்றது கூட்டம்.

நான் வார்னிஷைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் காதில் அது மதமாக விழுந்தது. அவர் கற்பூரத்தைக் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி, கும்பிடக் கை வேண்டுமே என்று எரியும் தட்டைக் கீழ் இறக்கைமேல் வைத்துவிட்டார். என் மகளுக்கும் அதற்கும் இரண்டு முழத் தூரம்.

இறக்கையின் பின்பக்கம் நின்றிருந்த நான் அப்படியே தாவி ஏறினேன். சர்ரென்று ஒரு சத்தம். வலது கால் முழங்கால் வரை துணிக்குள் இறங்கிவிட்டது. விமானம் ஆடியது. அதுவரை அசையாமல் இருந்த தட்டு சரிந்து, கற்பூரம் துணியில் விழுந்தது. குப்பென்று ஒரு சாண் அகலத்துக்கு நெருப்பு எழுந்தது. கழனிக்காரர் ஈரத்துண்டை வீசி, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிக்கொண்டே இருந்தார், புகை அடங்கும்வரை. நாலு வருஷம் ஆகிறது. அந்தத் தட்டைச் சரிய வைத்தது என் கால்தான் என்பது இன்னும் மறக்கவில்லை.

மேலேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, கறுப்புப் பட்டைலதானே கால வெக்கணும்?"

இரண்டு பெண்கள் என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். மகளை இறக்கிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, குடையை விரித்து இறக்கைக்கு முன்னால் நின்றவள், ஒருவரையும் அண்டவிடவில்லை. கழனிக்காரரைத் திட்டித் தீர்த்தேன். அவர் கைகளை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வரப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். குற்றவுணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு லாரியில் விமானியும் ஒரு மெக்கானிக்கும் வந்து சேர்ந்தார்கள். கற்பூரக் கதையை உரக்கவும், என் கால் கதையைக் கொஞ்சம் மெதுவாகவும் சொன்னேன். மெக்கானிக் ஓட்டைக்குள் கையை விட்டுச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "கட்டை உடையல" என்றார். கருகிய இடத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. யார் அணைத்தது என்று கேட்டார். வரப்பைக் காட்டினேன்.

அவர் போய்க் குனிந்து, கழனிக்காரரின் மூடியிருந்த கைகளை விரித்துப் பார்த்தார். தோல் வழன்று, இரண்டு உள்ளங்கையும் கொப்புளமாக இருந்தன. அங்கிருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"துணிக்கு ஊசி நூல் கொண்டாந்திருக்கேம்மா. இவர் கைக்கு இன்னா போட்டீங்க?"