தீவுக்குக் கோச்சி கேட்டவர்

தில்லையம்பலம் அண்ணை இறந்த செய்தி எனக்கு ஊர்காவற்றுறை பஸ்ஸில் வந்தது. "உங்கட தலைவர் மோசம் போட்டாராம்" என்றார் கொண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்தபடி. பஸ் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது காலை ரயில் வழக்கம்போல் போய்விட்டிருந்தது.

தெற்கில் கடை வைத்திருந்து நாரந்தனைக்குத் திரும்பியவர் அவர். தீவகப் பயணிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார், நான் செயலாளர். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: தீவின் முதல் பஸ் வந்துசேர்ந்த பின் கொழும்பு ரயில் புறப்பட வேண்டும். 'தீவுப்பகுதிக்குத் தண்டவாளம் அமைக்கும் திட்டம் தற்போது இல்லை' என்று ரயில்வேக் கந்தோரிலிருந்து பதில் வந்தது. எங்கள் பேச்சில் ரயில் என்றால் கோச்சி. ஆகவே அன்றிலிருந்து அவர் 'கோச்சியர்'.

"அண்ணை, ஸ்டேஷன் கரம்பொன்னிலயோ நாரந்தனையிலயோ?" என்று சந்தையில் ஒருவர் கேட்டார்.

"உமக்கு எங்க வசதியோ அங்க" என்றார் முகம் மாறாமல். பிறகு என்னிடம், "தற்போது இல்லையாம். என்னைவிடப் பெரிய ஆசைக்காரர் அவையள்."

அவர் மனைவி பரமேஸ்வரி அக்காவுக்கு மாதந்தோறும் கொழும்பில் பின்நேரக் கிளினிக். காலை ரயிலைப் பிடிக்க, முதல் நாளே போய் நகரத்து உறவினர் வீட்டில் தங்க வேண்டும். அவர்கள் நல்லவர்கள். "திரும்பவும் கிளினிக்கோ?" என்று மட்டும் கேட்பார்கள். ஒரு மாதம் அக்கா பயணப்பையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். "நோய் வருத்தத்தோட இருக்க ஏலும். அந்த வீட்டுக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்க இனி ஏலாது." அதன்பின் அவர் போகவில்லை. சில மாதங்களில் போகத் தேவையும் இருக்கவில்லை.

அக்காவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமையே அண்ணை சங்கக் கூட்டத்துக்கு வந்தார். "இனி எதுக்கண்ணை?" என்று கேட்டேன்.

"ஏன், வருத்தக்காரர் எல்லாரும் அவவோட போட்டினமோ?"

ஒருவழியாக பஸ்காரர் முதல் பஸ்ஸை முன்னதாகவே புறப்பட வைத்தார்கள். வடை வாங்கிச் சாப்பிட்டோம். அதே மாதம் ரயில்வேக் கந்தோர், நேர அட்டவணையைத் திருத்தி ரயிலையும் முன்னதாகவே புறப்பட வைத்தது. "ரெண்டு பகுதியும் எங்களைக் கவனிச்சிருக்கினம்" என்றார் அண்ணை. அவர் குரலில் களைப்பைக் கேட்டது அன்றுதான்.

'கோச்சியை விட்டிட்டம்' என்று யாராவது சொன்னால் அவர் சும்மா இருக்கமாட்டார். "நாங்கள் விடேல்லை. அதுதான் எங்களை விட்டிட்டுப் போனது. பிழையை ஏன் உம்மட தலையில போடுறீர்?" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தத் திருத்தம் ஒன்றுதான்.

செத்தவீட்டுக்கு மறுநாள் யாழ்ப்பாண நிலையத்தில், கையில் கிளினிக் குறிப்புக் கொப்பியுடன் நின்ற சரவணை ஊர்ப் பெண் ஒருவர், தொலைபேசியில் மகனிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் "கோச்சியை விட்டிட்டன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணையின் திருத்தத்தை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், அது சரி" என்றார். "அப்ப நாளையான் கோச்சிக்கு, இண்டைக்கு இரவு ஆரின்ர வீட்டில நிக்கிறது?"