நாய்வேலிக்காரன் பெண்டாட்டி

கிளெனிஸை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் ஒரு ஆட்டின் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்த கூட்டத்துக்குச் சமையற்காரியாக வந்தவள். இருபத்துமூன்று வயது இருக்கும். முழங்காலால் ஆட்டை அழுத்தி, தாடையைப் பின்னுக்கு வளைத்து, ஒரே இழுப்பு. ஆடு இரண்டு உதை உதைத்தது, அவ்வளவுதான். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "கடைக்கார மேவிஸ் நீதானா? மாவு மூட்டை எப்ப வரும்?" என்று கேட்டாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

என் கடை மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது. பெட்ரோல், பீர், மாவு, டயர் எல்லாம் என்னிடம்தான். வருகிறவர்கள் அடித்துக்கொள்வதும் என்னிடம்தான். மாதக்கணக்கில் மாடுகளோடு மட்டும் பேசிவிட்டு வருகிற ஆண்பிள்ளைகள், ஒருவன் மூக்கை இன்னொருவன் உடைக்காமல் வீடு திரும்பினால் அன்றைக்கு எனக்கு வியாபாரம் சரியில்லை என்று அர்த்தம். காட்டு ஒட்டகம் சுடுகிற ஒருவன் தன் கூட்டாளியின் காதைக் கடித்துத் துப்பினான்; அதை நான்தான் குப்பையோடு கூட்டி அள்ளினேன். அதற்காகவே கல்லாவுக்குக் கீழே டயர் கழற்றுகிற இரும்பு லீவர் ஒன்று வைத்திருக்கிறேன். ரத்தம் எனக்குப் புதிதல்ல.

எல்லைக் கோட்டின் மேலேயே நாய்வேலி ஓடுகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் ஆடு, அந்தப் பக்கம் டிங்கோ என்கிற காட்டு நாய்கள். ஓட்டை விழுந்தால் போதும், ஒரே நாய் உள்ளே வந்து ஒரு மந்தையின் குடலை உருவிப் போட்டுவிட்டுப் போகும். தின்னக்கூடத் தின்னாது. வேலியைத் துண்டு துண்டாகப் பிரித்து பராமரிக்க ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். கடைசித் துண்டு இன்றைக்குக் கிளெனிஸின் கையில் இருக்கிறது. அப்போது அது ராய்ஸின் கையில் இருந்தது. வேலியை மூடுகிற மணலை அள்ளுவான், கம்பியை இழுத்துக் கட்டுவான், பொறியில் சிக்கிய நாயை மண்டையில் அடித்துக் கொன்று வேலியில் தலைகீழாகத் தொங்கவிடுவான். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. அதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது.

அந்த வருஷக் குதிரைப் பந்தய ராத்திரி நடனத்தில் கிளெனிஸ் அவனோடு ஆடினாள். அடுத்த மாதம் கல்யாணம். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அவனுடைய தகரக் குடிசைக்குப் போய்விட்டாள்.

குளிர்காலம் வருவதற்குள் ஒரு கண் கறுத்துக் கடைக்கு வந்தாள்.

"கேட்ல மோதிக்கிட்டேன்" என்றாள்.

"கழுத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. எந்தக் கேட்டுக்குடி விரல் முளைச்சிருக்கு?"

சர்க்கரையும் தேயிலையும் வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கடையில் நாலைந்து பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் அவரவர் கிளாசுக்குள் இருந்தது.

"உங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினேன்.

கங்காரு வேட்டைக்காரன் வெர்ன்தான் வாயைத் திறந்தான். "புருஷன் பெண்டாட்டி விவகாரம், மேவிஸ். நாம மூக்கை நுழைச்சா நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் சேர்ந்துப்பாங்க, நம்ம மூக்குதான் போகும்."

"உன் மூக்கு போனா உன் முகத்துக்கு நல்லதுதான்டா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததோடு விஷயம் முடிந்தது.

கத்தி பிடிக்கத் தெரிந்தவள் ஏன் அடி வாங்கினாள் என்று பின்னால் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களைக் கன்னத்தில் அறையலாம் போல இருக்கும் எனக்கு. ஆட்டை அறுப்பது வேறு. சாப்பிட உட்கார்ந்தவன் எந்த நிமிஷம் எழுந்து தலைமயிரைப் பிடிப்பான் என்று தெரியாமல், சுற்றி ஐம்பது மைலுக்கு ஒரு மனித முகமும் இல்லாமல் வாழ்வது வேறு.

மூன்றாவது வருஷம் அவள் வயிற்றில் பிள்ளை தரித்தது. ஒரு நாய் பொறியை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். அந்தக் கோபத்தில் வந்தவன் அவளைக் கீழே தள்ளி பூட்ஸ் காலால் வயிற்றில் உதைத்தான். அவளே லேண்ட் ரோவரை ஓட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். கதவைத் திறந்தபோது சீட்டிலிருந்து ரத்தம் மண்ணில் சொட்டிற்று. என் படுக்கையில்தான் அந்தப் பிள்ளை போயிற்று. என் கை அளவுகூட இல்லை. பின்பக்கம் புதைத்தேன்.

எங்கள் பக்கத்துப் போலீஸ் சார்ஜென்டை வரவழைத்தேன்.

"அடிச்சது எங்க?" என்று கேட்டார்.

"அவங்க குடிசையில."

"அது வேலிக்கு அந்தப் பக்கமாச்சே. அந்த மாநிலத்துப் போலீஸ்லதான் சொல்லணும்."

"அவங்க இருக்கிற ஊருக்கு ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டணும். இவ எழுந்து உட்காரவே முடியல, பாருங்க."

"நான் என்ன பண்ணட்டும், மேவிஸ்? எல்லைக் கோட்டை நானா போட்டேன்?"

பத்து நாள் கழித்து ராய்ஸ் தலையை வாரிக்கொண்டு, டின் பழம் ஒரு பெட்டியோடு வந்தான். மண்டியிட்டு அழுதான். அவளும் போனாள்.

அடுத்த ஜனவரியில் மாவு வாங்க வந்தவள் என் காதோடு சொன்னாள். "நாலு மாசம், மேவிஸ். அவனுக்குத் தெரியாது. இதையும் அவன் காலால உதைபட விடமாட்டேன். வயிறு தெரியறதுக்குள்ள மில்டுராவுல எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"இப்பவே போயேன்டி."

"அக்காவுக்கு எழுதியிருக்கேன். அடுத்த தபால் வரட்டும்."

தபால் வருவதற்கு முன்னால் அந்த மத்தியானம் வந்துவிட்டது. வெயிலில் காக்கைகள் வாயைப் பிளந்துகொண்டு வேலியில் உட்கார்ந்திருந்த நாள். வேலையிலிருந்து வந்த ராய்ஸ், இறைச்சி வேகவில்லை என்று வாணலியை அவள்மேல் வீசினான். கொதிக்கிற கொழுப்பு இடது கை முழுக்க வழிந்தது. அடுத்தது பூட்ஸ் என்று அவளுக்குத் தெரியும். உதை வந்தபோது திரும்பி முதுகில் வாங்கிக்கொண்டாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே தொட்டியில் தலையை நனைக்கப் போன நேரத்தில், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். லேண்ட் ரோவர் கிளம்பிற்று. கொஞ்ச தூரத்தில் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இன்னொரு புழுதி வந்துகொண்டிருந்தது.

நாய்வேலிக் கேட்டுக்கு வந்தாள். இறங்கித் திறந்தாள். வண்டியை இந்தப் பக்கம் ஓட்டி நிறுத்தினாள். மறுபடி இறங்கிப் போய்க் கேட்டை மூடி, சங்கிலியைச் சுற்றி மாட்டினாள்.

"உயிருக்கு ஓடறவ கேட்டை மூடிக்கிட்டு நின்னியாடி?" என்று பின்னால் கேட்டேன்.

"கை தானா போச்சு, மேவிஸ். திறந்து போட்டா நாய் உள்ள வந்துடுமே."

இதற்கு நான் என்ன சொல்ல? நானாக இருந்தாலும் மூடியிருப்பேன். இந்தப் பக்கத்தில் பிறந்த எவனும் மூடியிருப்பான்.

அவள் திரும்பி வருவதற்குள், நின்றுகொண்டே ஓடிய எஞ்சின் சூட்டில் அணைந்துபோயிருந்தது. சாவியைத் திருகத் திருக இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. ராய்ஸின் வண்டி வந்து நின்றது. சாவகாசமாகக் கேட்டைத் திறந்தான், வண்டியை உள்ளே கொண்டுவந்து அவள் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கக்கூட இல்லை. இறங்கி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"என்னடி அவசரம்? எங்க போயிடப்போற? இரு, வரேன்."

சொல்லிவிட்டு, கேட்டை மூடத் திரும்பி நடந்தான்.

இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட அந்தக் கேட்டைத் திறந்து விட்டுப் போனதில்லை. பெண்டாட்டியைக் கொல்லப் போகும்போதும் அவனால் முடியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து சங்கிலியைச் சுற்றினான். கிளெனிஸ் கொதிக்கிற மணலில் ஓடி அவன் வண்டியில் ஏறினாள்.

"முன்னால போற கியரைத்தான் போட்டிருக்கணும். ரிவர்ஸ்னு தெரிஞ்சேதான் போட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். எதையும் மறைக்கிறவள் இல்லை அவள்.

அவன் நிமிர்ந்து ஒதுங்கப் பார்த்தான். உடம்பு ஒதுங்கிற்று, வலது கால் ஒதுங்கவில்லை. கேட்டின் தூண் பழைய ரயில் தண்டவாளம், அது அசையவே இல்லை. வண்டியின் பின்பக்கத்துக்கும் அதற்கும் நடுவில் அகப்பட்ட கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் போட்ட கூச்சலில் காக்கைகள் எழுந்து பறந்தன. அவள் அவனுடைய வண்டியில் தொங்கிய தண்ணீர்ப் பையில் ஒன்றைக் கழற்றி அவன் பக்கம் எறிந்துவிட்டு, அதே வண்டியில் நேராக என்னிடம் வந்தாள்.

வெர்னும் இன்னொருவனும் போய் அவனைத் தூக்கி வந்தார்கள். ரேடியோவில் டாக்டரைக் கூப்பிட்டோம். விமானம் வர சாயங்காலம் ஆகும் என்றார்கள். வேறு இடம் இல்லாததால் பில்லியர்ட்ஸ் மேஜைமேல் கிடத்தினோம். பச்சைத் துணியெல்லாம் ரத்தம். கிளெனிஸ் ஒரு மூலையில் வெந்த கைக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு ஆண்பிள்ளைகள் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார்கள்.

அவனுக்குப் பிராந்தி கொடுத்தேன். அது உள்ளே போனதும் நாக்கு வந்துவிட்டது.

"ஒரு கால்தானேடி" என்றான். "மூணு மாசம். மூணே மாசத்துல எழுந்து நடப்பேன். நேரா உங்கிட்டத்தான் வருவேன். எந்த மாநிலத்துல போய் ஒளிஞ்சாலும் சரி, வருவேன்."

கிளெனிஸ் தலையைத் தூக்கினாள். "மூணு மாசமா?"

"மூணே மாசம்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புரியவில்லை.

"பத்தாதுடா" என்றாள்.

"என்னடி பத்தாது?"

"எனக்கு அஞ்சு மாசம் வேணும். வயித்துல இருக்கு."

ராய்ஸ் அவள் வயிற்றைப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவன் முகம் இளகப் போகிறது என்றுதான் நினைத்தேன். மேஜைக்குப் பக்கத்தில் நின்ற வெர்னும் அப்படித்தான் நினைத்ததாகப் பின்னால் சொன்னான். பிறகு ராய்ஸ் சிரித்தான்.

"போனது போன வழியில இதுவும் போகும்" என்றான்.

கிளெனிஸ் எழுந்து கல்லாவுக்குப் பின்னால் வந்தாள். எதை எடுக்க வருகிறாள் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்திருக்கலாம். நான் நகர்ந்து வழி விட்டேன். டயர் லீவரை, வெந்த கையையும் சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். முதல் அடி இடது முழங்காலில் விழுந்தது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் எழப் பார்த்தான். இரண்டாவது அடியும் அதே இடத்தில். அவன் மயங்கிப்போனான். மூன்றாவதற்கு ஓங்கியவள், வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, இறக்கிவிட்டாள்.

யாரும் அசையவில்லை. வெர்ன் காலி கிளாசை என் பக்கம் தள்ளினான். "இன்னொண்ணு ஊத்து, மேவிஸ்" என்றான்.

நான் லீவரைக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்தேன்.

விமானத்தில் வந்த டாக்டர் இளைஞர். மேஜையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஒரு கால்னுதானே ரேடியோல சொன்னீங்க?"

"ரேடியோல ஒரே இரைச்சல், டாக்டர்" என்றான் வெர்ன். "ரெண்டு காலும்னுதான் சொன்னோம். வண்டி ஏறிடுச்சு, பாவம்."

மற்ற ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள். ராய்ஸ் விழித்துக்கொண்டு கத்தினான், என்னென்னவோ சொன்னான். டாக்டர் ஊசி போட்டார். கட்டையை வைத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விமானம் கிளம்பிய புழுதி அடங்குகிறவரை கிளெனிஸ் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

"மேவிஸ், பசிக்குது."

ஆட்டிறைச்சி பொரித்துப் போட்டேன். மூன்று தட்டு தின்றாள். ஒற்றைக் கையால் எலும்பைப் பிடித்துக்கொண்டு தின்றாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன், சந்தோஷத்திலா பயத்திலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஜூன் மாதம் மில்டுராவில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ராய்ஸ் அன்றைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடந்தான்.