கிராஃபைட்டின் கீழ்த்தட்டு

செட்டியார்பட்டி அபுதாஹிரைப் பிழைக்கத் தெரியாதவன் என்றுதான் எங்கள் கல்லூரியில் இன்றும் சொல்கிறார்கள். பிழைக்கத் தெரிந்தவர்களின் லட்சணத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

எண்பத்தெட்டில் இயற்பியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தான். டாக்டர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வழிகாட்டி, துறைத்தலைவர் வைகுண்டராஜ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்துபோகும் மகாமேதை. ஆயுளில் அவர் எழுதியிருந்தது ஒரே ஒரு கட்டுரை. அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். துறையில் யார் ஆராய்ச்சி செய்தாலும் விடை அந்தச் சட்டத்துக்குள் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். அதுதான் அங்கே சம்பிரதாயம்.

கட்டுரை கிராஃபைட் பற்றியது. பென்சிலுக்குள் இருக்கிறதே, அதேதான். கார்பன் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். ஒரு தட்டுக்குள் இறுக்கமான பிடிப்பு, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பிடிப்பு குறைவு. அதனால் ஒன்றின்மேல் ஒன்று முன்னும் பின்னும் வழுக்கி அதிரும். அந்த அதிர்வெண் முப்பது என்று கணக்குப் போட்டிருந்தார் பெரியவர். வெளிநாட்டில் அளந்து பார்த்தவர்களுக்கோ நாற்பத்திரண்டு. அவர்கள் கருவி சரியில்லை என்று வகுப்பிலேயே சொல்வார், கூச்சமே இல்லாமல்.

தாஹிர் இரண்டு வருஷம் நோட்டு நோட்டாகப் போட்டுப் பார்த்தான். நாற்பத்திரண்டுதான் வந்தது. பெரியவர் விட்ட பிழையும் அகப்பட்டது. மேல்தட்டு மட்டும் ஆடுகிறது, கீழ்த்தட்டு சுவர் மாதிரி நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். உண்மையில் இரண்டுமே எதிரெதிராக ஆடும். கீழே இருப்பதும் அசையும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்?

நோட்டை அவரிடம் நீட்டியபோது நானும் கூட நின்றேன்.

“என்னப்பா, எனக்கே பாடம் எடுக்க வந்தியா? முப்பதுன்னு எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுதேன்” என்றார். நோட்டை மட்டும் திருப்பித் தரவில்லை.

வெளியே வந்ததும், “எழுதித் தொலையேன்ல. எம்புட்டுப் பேரு எழுதியிருக்கான்” என்றேன். நானே அப்படி எழுதிப் பட்டம் வாங்கியவன்தான்.

“வராத கணக்கை வந்துச்சுன்னு எப்படி அண்ணாச்சி எழுத?” என்றான்.

எழுதவில்லை. தொண்ணூற்றொன்றில் அனுப்பிவிட்டார்கள். ராஜபாளையத்தில் ஒரு டுடோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போனான்.

தொண்ணூற்றுமூன்றில் வைகுண்டராஜின் இரண்டாவது கட்டுரை வெளிவந்தது. விடை நாற்பத்திரண்டு. இரண்டு தட்டும் ஜோராக ஆடின. துறையில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார், நானும் வாங்கித் தின்றேன், வெட்கங்கெட்டவன். கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு நன்றி போட்டிருந்தது: டைப் அடித்து உதவிய அபுதாஹிருக்கு.

பத்திரிகையை டுடோரியலுக்கு எடுத்துப் போனேன். சாக்பீஸ் பிடித்த கையோடு வாங்கி வாசித்தான். கடைசி வரியைத் திரும்ப ஒருமுறை வாசித்தான்.

“எனக்கு டைப் அடிக்க வராதே அண்ணாச்சி” என்றான்.