தைப்பூசம் வரை பொந்தியானில்

நவம்பர் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறரை மணிக்குக் காஹாங்கிலிருந்து புறப்பட்டோம். ஜொகூர் பாருவுக்கு நூற்று இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் ஊர் மணியம் அண்ணனின் வாடகைக் கார், போக நூற்று எண்பது மலேசிய வெள்ளி. முன்னிருக்கையில் நான். பின்னால் என் மனைவி கோமளா, மடியில் சுடுநீர்ப் புட்டியோடு.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடையில் வேலை. இருபது வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. அதனால் ஆண்மை போய் எட்டு வருடமாகிவிட்டது. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில், ஆண்குறிக்குள் செயற்கைக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. போவதற்கு முன், போய் வந்த ஒருவர் தமிழில் எழுதியது ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊரில் எல்லோரிடமும் குடலிறக்கம் என்று சொல்லியிருந்தோம். குளுவாங் தாண்டி ரெங்கம் சாலையில் திரும்பியதும் மணியம் அண்ணன் ஆரம்பித்தார்.

"குடலெறக்கம் எனக்கும் செஞ்சாங்க தம்பி. ஒன்னும் பயப்படாத. ஒனக்கு எந்தப் பக்கம்?"

"இடது" என்றேன். அதே நேரம் பின்னாலிருந்து "வலது" என்றாள் கோமளா.

அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "ரெண்டு பக்கமுமா? அலமாக்! அப்ப இனி ரொம்ப நாளைக்கு எதையும் தூக்க முடியாதே?"

"தூக்குனதாலதான் அண்ணே வந்துச்சு" என்று சமாளித்தேன். சிம்பாங் ரெங்கம் வரை அவருடைய குடல் கதை ஓடியது. நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரிகளைத் திட்டத் தொடங்கினார். நான் தப்பித்தேன்.

பெரிய மருத்துவமனை. மாடியறையிலிருந்து பார்த்தால் கூரைகளுக்கு அப்பால் சிங்கப்பூர் மங்கலாகத் தெரிந்தது. டாக்டர் சீனர். பொறுமையான மனிதர், மலாயில் பேசினார். இனிப்பு நீரால்தான் இப்படி ஆயிற்று என்று விளக்கி, கருவியின் மாதிரியை மேசைமேல் வைத்துக் காட்டினார். குறிக்குள் இரண்டு மெல்லிய குழாய்கள். அடிவயிற்றுக்குள் ஒரு சிறு நீர்ப்பை. விதைப்பைக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு பம்ப். பம்பை அமுக்க அமுக்க நீர் குழாய்களுக்குள் ஏறி விறைப்பு வரும். பம்பின் மேல்பக்கம் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் நீர் திரும்பிப் போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. உணர்ச்சி எப்போதும் போல் இருக்கும் என்றார். விலை, சின்ன கார் ஒன்றின் விலை. கோமளா மாதிரியைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

மறுநாள் காலையில் சிகிச்சை. கண் விழித்தபோது அடிவயிற்றில் செங்கல்லை வைத்துக் கட்டியது போல் இருந்தது. அடுத்த நாள் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். விதைப்பை வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. இரண்டு இரவு தங்கியபின் அனுப்பிவிட்டார்கள்.

நேராக ஊருக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்காவது ஆபரேசன் என்றால் ஆலையே திரண்டு வந்துவிடும். ஆளுக்கொரு மைலோ சத்துப்பான டின்னோடு வருவார்கள். உட்காருவார்கள், தையலைக் காட்டச் சொல்வார்கள். அந்தப் பயத்தில் பொந்தியானில் ஒரு வீடு பேசி வைத்திருந்தோம். ஸ்கூடாயில் காலை நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். பிறகு பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பினோம். சாலையின் ஒவ்வொரு குழியையும் உடம்பு தனித்தனியாகச் சொல்லிக் காட்டியது. அழைத்துப் போக வந்திருந்த மணியம் அண்ணன் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார்.

வீடு பொந்தியான் கெச்சிலில், கடலுக்கு ஐந்து நிமிட நடை. ஒரே படுக்கையறை, சின்னச் சமையலறை. நாளுக்கு எண்பது வெள்ளி, மாதக் கணக்கு என்றதும் குறைத்தார் வீட்டுக்காரம்மா. மலாய்க்காரர், அறுபது வயதிருக்கும். மலாய் வழக்கப்படி மக்சிக் (அத்தை) என்று கூப்பிட்டோம்.

முதல் இரண்டு வாரமும் வீக்கம்தான். இருமினால் உயிர் போனது. இறுக்கமான உள்ளாடை, குறியை மேல்நோக்கி வயிற்றோடு சேர்த்து வைக்க வேண்டும், கனமான எதையும் தூக்கக் கூடாது. வீக்கம் குறைந்ததும் தினமும் வெந்நீரில் குளித்துவிட்டுப் பம்பை மெதுவாகக் கீழே இழுத்துவிட வேண்டும், அப்போதுதான் அது கைக்கு எட்டும் இடத்தில் தங்கும் என்று சொல்லியிருந்தார்கள். இனிப்பு நீர் ஏறினால் புண்ணில் கிருமி சேரும் என்பதால் கோமளா காலையும் மாலையும் விரலில் குத்திப் பார்த்தாள். சோற்றைக் கரண்டியால் அளந்தாள். வாளி, காஸ் சிலிண்டர், அரிசி எல்லாம் அவளே தூக்கினாள். நான் காலையில் கடலோரம் நடந்தேன். சேறும் அலையும் கலந்த பழுப்புக் கடல். தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன.

ஒருநாள் மக்சிக் தன் உறவினர் ஒருவரை அழைத்து வந்தார். குடலிறக்கத்துக்கு அந்த வட்டாரத்திலேயே அவர்தான் கைதேர்ந்த உருவுகாரராம். எண்ணெய்ப் புட்டியும் கையில் இருந்தது. பணம் வேண்டாம், அடிவயிற்றிலிருந்து கீழ்நோக்கி ஐந்தே நிமிடம் உருவினால் போதும் என்றார். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். கோமளா தனக்குத் தெரிந்த மலாயில் அவரைச் சமாளித்து, தேநீர் கொடுத்து அனுப்பினாள். கதவைத் தட்டி, "போயிட்டாரு, வெளிய வாங்க" என்றவளின் குரலில் சிரிப்பு இருந்தது. அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

ஆனால் ஒன்று என்னை உறுத்தியது. டிசம்பர் நடுவிலிருந்து அவள் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். முதலில் என் தையலில் கைகால் பட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறாள் போலும் என்று எண்ணினேன். தையல் ஆறிய பிறகும் பாய்தான். நான் துணி மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவளுக்கு இது அருவருப்பாகிவிட்டது, அன்றைக்குத் தலையாட்டியது எனக்காகத்தான் என்று முடிவு செய்தேன். அவ்வளவு செலவும் வலியும் யாருக்காக என்று கடலோரம் நடக்கும்போது தோன்றும்.

ஜனவரி முதல் வாரம் மறுபடியும் ஜொகூர் பாரு. பொந்தியானிலிருந்து அறுபது கிலோமீட்டர். கருவியை இயக்கக் கற்றுக்கொடுக்கும் நாள். டாக்டர் முதலில் தானே செய்து காட்டினார், பிறகு என்னைச் செய்யச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கினேன். எட்டு வருடத்துக்குப் பிறகு என் உடம்பு எழுந்து நின்றதைப் பார்த்தேன். சுவரைப் பார்ப்பது போல் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொத்தானைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது முறையில் கிடைத்தது.

பிறகு கோமளாவை உள்ளே அழைத்தார்கள். டாக்டர் சொன்னதை அங்கிருந்த தமிழ்ச் சிஸ்டர் அவளுக்குத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, எல்லாம் நல்லா இருக்காம். இனிமே நீங்க ரெண்டு பேரும் சேரலாமாம். மொதல்ல கொஞ்சம் மெதுவா."

கோமளா நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப முடியாது சிஸ்டர். நான் வெரதத்துல இருக்கேன். தைப்பூசத்துக்குப் பால்குடம். நாப்பத்தெட்டு நாளு."

தைப்பூசம் மாதக் கடைசியில். வருடா வருடம் ஒரு வாரம் சைவம் சாப்பிட்டுப் பால்குடம் எடுப்பாள். அதனால் வீட்டில் மீன் வாங்காததை நான் பெரிதாக நினைக்கவில்லை. நாற்பத்தெட்டு நாள் என்பது எனக்கே புதுச் செய்தி.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சிஸ்டர் விளக்கினாள். சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, கணவனைத் தொடக் கூடாது. அவர் யோசித்துவிட்டு, எதற்காக இந்த நேர்த்திக்கடன் என்று கேட்டார்.

"ஆபரேசன் நல்லபடியா முடியணும்னு" என்றாள் கோமளா.

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா நீங்க! மொட்ட போடறேன்னு வேண்டிக்கிட்டிருக்கலாம்ல?" என்றாள் சிஸ்டர்.

"அப்ப அதெல்லாம் யோசிக்கலம்மா. ஆபரேசன் தியேட்டர் வாசல்ல நின்னப்ப, வாயில வந்தத வேண்டிக்கிட்டேன்."

அப்படியானால் தைப்பூசம் வரை தினமும் தனியாகப் பழகுங்கள், ஏற்றிச் சிறிது நேரம் வைத்திருந்து இறக்குங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அப்படியே செய்தேன். காலை பத்து மணிக்குக் கோமளா சந்தைக்குப் போவாள். நான் அறைக்குள் போவேன். முதல் நாள் ஏற்றிவிட்டேன், இறக்க வரவில்லை. பொத்தான் அகப்படவே இல்லை. அந்த நேரம் பார்த்து மக்சிக் வாசலில் வாழைப்பழத்தோடு கூப்பிடுகிறார். கதவுக்குப் பின்னால் நின்று, "துணி மாற்றுகிறேன், மக்சிக்" என்று மலாயில் கத்தினேன். பழத்தை வைத்துவிட்டுப் போனார். கையை வெந்நீரில் கழுவித் துடைத்து, உட்கார்ந்து, அவசரப்படாமல் விரலால் தேடினேன். பம்பின் மேலே மெத்தென்ற பகுதி. அழுத்திப் பிடித்ததும் மெல்ல இறங்கியது. ஒரு வாரத்தில் பார்க்காமலே செய்ய வந்துவிட்டது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது தேவைப்படலாம்: பதறினால் பொத்தான் கிடைக்காது.

விரதத்தின் காரணம் தெரிந்த பிறகும் என் சந்தேகம் முழுவதும் போகவில்லை. எனக்காக வேண்டிக்கொண்டாள். அவளுக்கு விருப்பம் உண்டா என்பது வேறு கேள்வி.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், தஞ்சோங் பியாய் போனோம். பொந்தியானிலிருந்து குக்குப் வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆசியாக் கண்டத்தின் பெருநிலம் முடியும் தென்கோடி என்கிறார்கள். சதுப்புநிலக் காட்டுக்குள் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கீழே சேற்றில் வேர்கள் கம்பி போல் நிமிர்ந்து நிற்கின்றன. நண்டுகள் ஓடி ஒளிந்தன. குரங்குக்குப் பயந்து கோமளா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பாதையின் கடைசியில் கடல். வேறு யாரும் இல்லை. கப்பல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"வெரதம் முடிஞ்ச பெறகு... ஒனக்கு இஷ்டமா? இல்ல எனக்காக சரின்னு சொன்னியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இதக் கேக்க ஆசியாவோட கடைசி முனைக்கு வரணுமா? காஹாங்குலயே கேட்டிருக்கலாம்ல?"

"கூச்சம்."

"எட்டு வருசம் நீங்க ஒன்னும் சொல்லல. ஆபரேசன்னு சொன்னப்பகூட எதனாலன்னு சொல்லல. இனிப்பு நீருனாலன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்? நான் குண்டாயிட்டேன், அதான் திரும்பிப் படுக்கறாருன்னு நெனச்சிக்கிட்டேன். டாக்டரு அந்த பொம்மைய வச்சி சொல்றப்பதான் வெளங்குச்சு. எனக்கு அழுக வந்திருச்சு. அதான் காலண்டரப் பாத்துக்கிட்டிருந்தேன்."

நான் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளைத் தொட வேண்டும் போலிருந்தது. விரதம். தொடவில்லை.

"இஷ்டந்தான்" என்றாள் கடலைப் பார்த்து. "வாங்க, கொரங்கு வருது."

தைப்பூசத்தன்று மணியம் அண்ணன் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். ஜொகூர் பாருவில் சாலையெல்லாம் மஞ்சளும் உருமி மேளமுமாக இருந்தது. கோமளா பால்குடத்தோடு வெறுங்காலில் நடந்தாள், நான் தண்ணீர்ப் புட்டியோடு பின்னால் நடந்தேன். அவ்வளவு தூரம் நடந்தும் வலி இல்லை. பொந்தியானுக்குத் திரும்பியதும் அவள் பாயை விரித்ததைப் பார்த்துத் திகைத்தேன்.

"இன்னும் இடும்பன் பூச இருக்குல்ல" என்றாள். "அது முடிஞ்சாத்தான் வெரதம் முடியும்."

மூன்றாம் நாள் இடும்பனுக்குக் கோழிக் குழம்பும் சோறும் படைத்துக் கும்பிட்டோம். மக்சிக்குக்குப் பழம் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. பகல் மூன்று மணி. கோமளா பாயைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்தாள், சன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

நான் பம்பை அமுக்கக் குளியலறைக்குக் கிளம்பினேன். "எங்க போறீங்க? இங்கயே செய்யுங்க" என்றாள். செய்தேன். "வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். "எனக்குப் பயமா இருக்கு, ஒடஞ்சிடாதே?" என்றாள். உடையாது என்றேன். அதற்குமேல் எழுதத் தேவையில்லை. மெதுவாகத்தான் போனோம். பழக்கம் விட்டுப் போயிருந்தது, இரண்டு முறை சிரித்துவிட்டோம். முன்பிருந்த அதே சுகம்தான், அதில் குறை ஒன்றும் இல்லை. முடிந்ததும், எப்படி இறக்குவது என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தைக் காட்டினேன்.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினோம். மக்சிக் ஒரு சாக்கு அன்னாசி கொடுத்தார். தூக்கக் கூடாத காலம் முடிந்துவிட்டதால் நானே தூக்கி வண்டியில் வைத்தேன். நெடுஞ்சாலையில் செம்பனை மரங்கள் தொடங்கியதும் ஊர் நினைவு வந்தது. இனி மைலோ டின்கள் வரும், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் வீடு பொந்தியான் வீட்டைவிடப் பெரியது. மூன்று அறை. மகள் கல்யாணமாகிப் போனபின் அவளுடைய அறையில் நான் படுத்துக்கொள்கிறேன். குறட்டை விடுகிறேன் என்பது காரணம், மணியம் அண்ணனிடமும் அதைத்தான் சொல்லியிருந்தோம். அப்படி ஒரு காரணம் இருந்தது இருவருக்கும் வசதியாக இருந்தது. பொந்தியானில் ஒரே அறை. அங்கே பாயில் படுத்திருந்த நாட்களில்கூட அவள் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

குளுவாங் வந்ததும் கோமளா பின்னாலிருந்து குனிந்து சொன்னாள்.

"ஏங்க, பாப்பா ரூம்புக் கட்டில மணியம் அண்ணனுக்குக் குடுத்திடலாமா? அவரு பேரப்பிள்ளைக்கு ஆகும்."

"அப்ப தம்பி எங்க படுக்கும்?" என்றார் மணியம் அண்ணன்.

கோமளா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். "சரி, நாளைக்கு லாரி கொண்டாறேன்" என்றார்.