கொல்லையில் கேட்ட என் குரல்

நான் நன்னிலம் பக்கத்தில் ஆசிரியை. யோகா வகுப்பில் பயிற்சியாளர், "யோகத்துல இயமம்னு சொல்ற ஒழுக்கங்கள்ல முதல் படி அகிம்சைங்க. அது உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றபோது, எறும்பைக்கூட மிதிக்காதவள்தானே நான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஒரு மாலை, மழை விட்டிருந்தது; மின்சாரம் இல்லை. சமையலறையில் இருந்தேன். கொல்லையிலிருந்து என் குரல் கேட்டது.

"தண்டம். எதுக்கும் லாயக்கில்ல. நீயெல்லாம் இருந்து என்ன?"

எது தவறினாலும் என்னை நானே திட்டிக்கொள்ளும் அதே வார்த்தைகள், அதே இழுவை. ஆனால் நான் வாயே திறக்கவில்லை.

ஓடினேன். கொல்லைக் கோடியில் கரை தொட்டு ஓடிய வாய்க்காலின் கடைசிப் படியில், முழங்கால் தண்ணீரில், என் பதினான்கு வயது மகள் நின்றிருந்தாள். ஒரு கையில் கணக்கு விடைத்தாள். மறு கையால் தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டிருந்தாள்.

கரைக்கு இழுத்து அணைத்துக்கொண்டேன். "ஏன்டி இப்படிப் பேசுற?"

"நீ சொல்லிக்குவியேம்மா. தப்பு பண்ணா அப்படித்தானே சொல்லிக்கணும்?"

இப்போதெல்லாம் குழம்பில் உப்பு கூடினால், "பரவால்ல, நாளைக்குப் பார்த்துப் போட்டுக்கலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இன்னும் பழகவில்லை, வேறு யாரோ என் வாயால் பேசுவது போலிருக்கிறது. ஆனாலும் அவள் காதில் விழும்படி, சத்தமாகவே சொல்கிறேன்.